அட்ரினலின், மஞ்சுவிரட்டு, ஆச்சியின் சர்க்கரை: என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போன என் தம்பி மகன் நேராக என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன். டம்ளரும் டவராவும் அவன் கையில் கடகடவென்று அடித்துக்கொண்டன. பாதிக் காப்பி வேட்டியில். "குளிரும் இல்ல அத்தை, பயமும் இல்ல. மாடு என்னைத் தாண்டிப் போயி அரை மணி நேரம் ஆச்சு. கை மட்டும் ஏன் சொன்னபடி கேக்க மாட்டேங்குது?" என்றான்.

அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இது அட்ரினலின் என்ற ஹார்மோன் பார்க்கும் வேலை என்று அன்று அவனுக்குச் சொன்ன பதிலைக் கேட்டு அடுத்த வீடு, எதிர்வீடு, கோயில் வாசல் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதுவது டாக்டர் வேலை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதோடு நான் நின்றுகொள்கிறேன்.

அட்ரினலின் எங்கேயிருந்து வருகிறது?

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லா கவிழ்த்த மாதிரி ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எடை நாலைந்து கிராம்தான். அதன் வெளித்தோல் பகுதி கார்டிசால் போன்றவற்றைச் சுரக்கும். உள்ளே இருக்கும் பகுதி அட்ரினலின் சுரக்கும். கூடவே கொஞ்சம் நார்அட்ரினலின். இந்த உள்பகுதி பிறப்பால் நரம்புச் சாதி. அதனால்தான் மூளை உத்தரவு போட்ட மறுகணமே இரத்தத்தில் அட்ரினலினை இறக்கிவிட முடிகிறது. மற்ற சுரப்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேகம் வராது.

ஹார்மோன், நரம்புக் கடத்தி இரண்டும் ஒன்றா?

ஹார்மோன் என்பது ஊருக்குத் தண்டோரா போடுவது. இரத்தத்தில் கலந்து எல்லா வீட்டு வாசலுக்கும் போகும். எந்த வீட்டில் அதைக் கேட்கும் காது இருக்கிறதோ அந்த வீடு மட்டும் எழுந்து வேலை பார்க்கும். அந்தக் காதுக்கு ஏற்பி என்று பெயர். நரம்புக் கடத்தி என்பது பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லும் ரகசியம். ஒரு நரம்பு முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறு. அந்தச் சந்துக்குள் கொட்டி, வேலை முடிந்ததும் உடனே துடைத்து எடுக்கப்பட்டுவிடும்.

ஒரே பொருள் இரண்டு வேலையும் பார்ப்பதுண்டு. நார்அட்ரினலின் நரம்பு முனையில் ரகசியமாகவும் வரும், இரத்தத்தில் தண்டோராவாகவும் வரும்.

நரம்பு பேசுவது மின்சாரத்தால் மட்டுமா, இரசாயனப் பொருளாலும் பேசுமா என்று அந்தக் காலத்தில் பெரிய வழக்கு. ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை வைத்துத் தீர்த்து வைத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயம் மிதந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நீரில் ஏதோ கரைந்திருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. அது அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி. 1921-இல் வெளியான இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் ராத்திரி எழுந்து கிறுக்கி வைத்தார், விடிந்ததும் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் அதே கனவு. அன்றைக்கு நேரே ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

மாடு எதிரே வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சிராவயல் பொட்டலில் வாடிவாசல் ஜல்லிக்கட்டு மாதிரி நெருக்கமான தடுப்பு கிடையாது. தொழுவத்திலிருந்து வரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எங்கோ வயலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாடு முதுகுப்பக்கம் வந்து நிற்கும். திரும்புகிறீர்கள். கொம்பு பத்தடியில்.

முதலில் நரம்பு வேலை செய்கிறது. இதயத்தின் மேல் நேரடியாக நார்அட்ரினலின் கொட்டுகிறது, "திக்" என்கிறது நெஞ்சு. சில நொடிகளில் சுரப்பியின் அட்ரினலின் இரத்தத்தோடு வந்து சேர்கிறது. எழுபது துடித்த இதயம் நூற்றைம்பதுக்குப் போகும். மூச்சுக் குழாய் விரிகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. முகம் வெளிறுவது அதனால்தான். தொடைத் தசைக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரை சரசரவென்று இரத்தத்தில் இறங்குகிறது. கண்மணி விரிகிறது. காயம் பட்டால் இரத்தம் சீக்கிரம் உறையவும் ஏற்பாடு நடக்கிறது.

ஒரே அட்ரினலின் ஒரு குழாயைச் சுருக்கி இன்னொன்றை எப்படி விரிக்கும் என்று கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. உத்தரவு ஒன்றுதான், காதுகள் வேறு. ஆல்ஃபா ஏற்பி உள்ள குழாய் சுருங்கும், பீட்டா-2 ஏற்பி உள்ள குழாய் விரியும். இதயத்தில் இருப்பது பெரும்பாலும் பீட்டா-1. பிரஷருக்குக் கொடுக்கும் பல மாத்திரைகள் இந்தக் காதுகளில் பஞ்சு வைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

"நேரமே நின்னுபோன மாதிரி இருந்துச்சு, மாட்டோட நெத்தியில வச்ச குங்குமம் கூட ஞாபகம் இருக்கு" என்றான் தம்பி மகன். மூளைக்குள் நார்அட்ரினலின் ஏறியிருக்கும் நேரத்தில் பதியும் நினைவு அழுத்தமாகப் பதியும். முந்தாநாள் சாப்பிட்டது மறந்துபோகும், அந்தக் குங்குமம் போகாது.

மாடு போன பிறகும் கை ஏன் நடுங்குகிறது?

இரத்தத்தில் உள்ள அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆனால் மூளை உடனே நம்பிவிடாது. இன்னொரு மாடு வருமோ என்று கொஞ்ச நேரம் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். தசைகளில் உள்ள பீட்டா-2 ஏற்பிகள் தூண்டப்பட்டால் மெல்லிய நடுக்கம் வரும். ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் இழுப்பவர்களுக்குக் கை உதறுவதும் இதே கணக்கு. பின்னாலேயே கார்டிசால் வரும். அது அலை மாதிரி மெதுவாக ஏறி, சம்பவம் நடந்து இருபது முப்பது நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். ஓட வேண்டிய உடம்பு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தேங்கிய வேகம் நடுக்கமாகத்தான் தெரியும். நடக்கச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொல்லுங்கள். காப்பி கொடுத்தது என் தப்பு. அது நடுக்கத்தைக் கூட்டும்.

அதைக் கோழைத்தனம் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். அடக்கிய பையன்களின் கையையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

மாடு குத்தியும் வலிக்கவில்லை என்கிறானே, விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே இதை மட்டும் படித்தாலும் போதும்.

ஒருமுறை இருபது வயதுப் பையன் ஒருவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தானே இறங்கி, தானே நடந்து வார்டுக்குள் வந்தான். இடது விலாவுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஓட்டை. பெரிதாக இரத்தம் இல்லை. "ஒரு கட்டுப் போட்டு விடுங்க சிஸ்டர், சாயந்தரம் இன்னொரு ஊர்ல மஞ்சுவிரட்டு இருக்கு" என்றான். கையைத் தொட்டேன், சில்லென்று வேர்த்திருந்தது. நாடி நூற்று நாற்பது. பிரஷர் மட்டும் சரியாக இருந்தது. கூட வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அபாய நேரத்தில் மூளை, உடம்பே சுரக்கும் வலி மருந்தான எண்டார்ஃபினையும் நார்அட்ரினலினையும் வைத்து வலிச்சேதி மேலே ஏறாமல் தண்டுவடத்திலேயே மறித்துவிடும். ஓடித் தப்புவதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு அது. கொம்பு நுழையும் வாய் சின்னது, உள்ளே திரும்பிய பாதை பெரியது. குடல், மண்ணீரல், நுரையீரல் எது கிழிந்திருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. உள்ளே இரத்தம் கசியக் கசிய, அட்ரினலின் குழாய்களை இறுக்கிப் பிடித்துப் பிரஷரைத் தாங்கி நிற்கும். இளவட்டங்களுக்கு உடம்பில் உள்ள ஐந்து லிட்டரில் ஒன்றரை லிட்டர் போகும்வரை பிரஷர் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். அதற்குப் பிறகு படிப்படியாக இறங்காது, தடாலென்று விழும்.

ஆகவே வெளிறிய முகம், குளிர்ந்த வேர்வை, படபடவென்று ஓடும் நாடி, தாகம், காரணமில்லாத பதற்றம் இவற்றில் எது இருந்தாலும் 108. தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், ஈரமான சுத்தத் துணியால் மூடி அப்படியே கொண்டுவாருங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள் வைத்து அடைக்க வேண்டாம். அந்தப் பையன் பிழைத்தான். மண்ணீரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பயந்தால் வாய் ஏன் காய்கிறது, வயிறு ஏன் கலங்குகிறது?

சாப்பாட்டைச் செரிக்கும் நேரமா அது? உமிழ்நீரையும் வயிற்று வேலையையும் நிறுத்தி, இரத்தத்தைத் தசைக்குத் திருப்பிவிடுகிறது உடம்பு. பெருங்குடல் மட்டும் எதிர்மாறாக முடுக்கிவிடப்படும். பரீட்சை ஹாலுக்குப் போகுமுன் கொல்லைக்கு ஓடாதவர் யார்?

தேள் கொட்டியவருக்கு ஏன் அப்படி வேர்த்துக் கொட்டுகிறது?

விறகு அடுக்கு, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் இரண்டாம் கட்டு, கழற்றி வைத்த பழைய ஓடுகள். நம் பக்கத்தில் தேளுக்கு வசதி அதிகம். கருந்தேள் பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் வலியோடு போகும். சின்னதாக இருக்கும் செந்தேள்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

செந்தேள் விஷம் நரம்பில் சோடியம் நுழையும் கதவுகளை மூடவிடாமல் திறந்தபடியே வைக்கும். நரம்பு முனைகள் ஓயாமல் கொட்டும், சுரப்பியும் கொட்டும். எதிரே மாடு இல்லை, ஆனால் ஆயிரம் மாடு வந்த அளவுக்கு அட்ரினலின். உடம்பு தொப்பலாக வேர்க்கும், வாந்தி வரும், கைகால் ஐஸ் மாதிரி ஆகும், பிரஷர் எகிறும், பிறகு இதயம் களைத்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு அபாயம் மிக அதிகம்.

இதற்கு மருந்து கண்ட கதையை வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் சொல்வேன். மகாராஷ்டிராவில் மகாட் என்ற சின்ன ஊரில் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற டாக்டர், தேள் கடித்துச் சாகும் கிராமத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் பிரஸோசின் என்ற சாதாரணப் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 1980-களில் அவர் எழுதியவை லான்செட் மருத்துவ இதழில் வந்தன. விலை மலிந்த ஒரு மாத்திரை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிற்று. கொட்டிய இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது எதுவும் வேண்டாம். வலி மட்டும் என்றால்கூட குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கதண்டு கொட்டியவருக்கு எதற்கு அட்ரினலின் ஊசி போடுகிறார்கள்?

இங்கே நிலைமை தலைகீழ். கதண்டு, தேனீ கொட்டியதும் சிலருக்கு ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவும். குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும், தொண்டை வீங்கும், மூச்சு இரையும். குழாயை இறுக்கவும், மூச்சுக் குழாயைத் திறக்கவும், ஒவ்வாமைப் பொருள்கள் மேலும் கொட்டாமல் தடுக்கவும் ஒரே மருந்தால் முடியும், அது அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. அவில் ஊசி அரிப்பை அடக்கும், உயிரைப் பிடித்து வைக்காது. அதை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன், சொல்ல மனம் வரவில்லை. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். எழுப்பி நடக்க மட்டும் விடாதீர்கள்.

பல் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. மரத்துப்போகும் மருந்தோடு துளி அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். குழாய் சுருங்கி மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக. அதுதான் கொஞ்சம் இரத்தத்தில் கலந்திருக்கும், சில நிமிடத்தில் அடங்கும். இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆச்சிக்குச் சர்க்கரை. விரதம் இருந்தபோது திடீரென்று வேர்த்து, நடுங்கி, எரிந்து விழுந்தார். கோபமா, சர்க்கரையா?

சர்க்கரைதான். எதிர்வீட்டு ஆச்சி கந்தசஷ்டிக்குக் குன்றக்குடி போக வேண்டும் என்று வெறும் வயிற்றோடு இருந்தார், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூளைக்குத் தீனி குறையும். உடனே அட்ரினலின் ஈரலைத் தட்டிச் சர்க்கரை கேட்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி எல்லாம் அந்தத் தட்டலின் சத்தம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா அடைப்பான் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் மிஞ்சும். வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அசிட்டைல்கோலினில் பேசுவதால் அந்த மாத்திரை அதைத் தொடாது. ஆகவே சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள ஆச்சிக்குச் சும்மா உட்கார்ந்திருக்கையில் வேர்த்தால், விசிறிக்குப் போகுமுன் சர்க்கரையைப் பாருங்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொண்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பூக்குழி இறங்குகிறவர்களுக்குச் சுடாதா?

சாம்பல் படிந்த கங்கு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவதும் ஒரு கணம்தான். அது பௌதிகம். அதோடு விரதம், மேளம், கூட்டம், அருள் எல்லாம் சேர்ந்து எண்டார்ஃபினை ஏற்றி வலியைக் குறைக்கின்றன. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே ஊரில் தீ மிதிப்பவர்களின் நாடியையும் வேடிக்கை பார்ப்பவர்களின் நாடியையும் சேர்த்து அளந்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. இறங்குகிறவரோடு உறவோ பழக்கமோ உள்ளவர்களின் இதயம் அவர் இதயத்தோடு ஒத்து ஏறி இறங்கியது. வழிப்போக்கர் இதயம் அப்படிச் செய்யவில்லை. மகன் இறங்கும்போது தாய் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது நமக்குத் தெரியாததா? சர்க்கரையால் கால் மரத்தவர்கள் மட்டும் இறங்க வேண்டாம். புண்ணானதே மறுநாள்தான் தெரியும்.

செட்டிநாட்டுக் காரம் சாப்பிட்டால் மூக்கில் தண்ணீர் வருகிறது, மனசு மட்டும் குளிர்கிறதே?

முதலில் ஒன்று. எங்கள் சமையல் என்றாலே மிளகாய்த் தூள் என்பது வெளியூர் ஓட்டல்கள் கட்டிவிட்ட கதை. வீட்டில் மிளகு, சோம்பு, கல்பாசி, பட்டை எல்லாம் நிதானமாகத்தான் விழும். கேள்விக்கு வருகிறேன். மிளகாயின் கேப்சைசின், நாக்கில் கொதிசூட்டை உணரும் ஏற்பியை ஏமாற்றிவிடும். மூளைக்கு வாய் வெந்துபோனதாகச் சேதி. வேர்வை, மூக்கொழுகல், கூடவே எண்டார்ஃபின். இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது, அர்டெம் படபூட்டியானும் அதைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிர் சாப்பிடுங்கள்.

பிள்ளை பெற்ற மருமகளுக்குப் பால் வரவில்லை. என்ன கொடுக்கலாம்?

பூண்டும் பாலும் கொடுக்கிறீர்கள், நல்லது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் கொடுங்கள். பாலை உண்டாக்குவது புரோலாக்டின், மார்பிலிருந்து இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின். பிள்ளை சப்பும்போதும் அழும்போதும் அது சுரக்கும். பயம், வலி, அவமானம் வந்தால் அட்ரினலின் குறுக்கே வந்து அந்த இறக்கத்தைத் தடுக்கும். அறையில் பத்துப் பேர் நின்று "உங்கம்மாவுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டால் உள்ள பாலும் இறங்காது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள் ஆச்சி.

டோபமைன்தான் சந்தோஷ ஹார்மோன் என்கிறார்களே?

அது சந்தோஷத்தைவிட ஆசைக்கு நெருக்கம். கிடைத்த பிறகு வருவதைக் காட்டிலும், கிடைக்கப்போகிறது என்று தெரியும்போதுதான் அது அதிகம் பாயும். செல்போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது, அடுத்ததில் ஏதாவது இருக்கும் என்றுதான்.

மூட்டு வலிக்கு ஒரு பொடி வாங்கினேன், இரண்டே நாளில் வலி பறந்தது. தொடரலாமா?

இரண்டே நாளில் பறந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. அது கார்டிசாலின் உடன்பிறப்பு. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், சொந்தச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். அப்போது திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து ஆளே போய்விடலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

சாவுச் சேதி கேட்டு நெஞ்சு வெடித்துச் செத்தார் என்பது உண்மையா?

சில நேரம் உண்மைக்கு மிக அருகில். அட்ரினலின் வெள்ளத்தில் இதயத்தின் கீழ் நுனிப் பகுதி மரத்து, பானை போல உப்பிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். ஜப்பானியர் 1990 வாக்கில் இதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடியின் பெயரால் டாகோட்சுபோ என்றார்கள். சரியாகக் கவனித்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு மாதிரியே தெரியும், ஆகவே வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

மாட்டுக்கும் அட்ரினலின் உண்டா அத்தை?

இதையும் தம்பி மகன்தான் கேட்டான், காப்பிக் கறையைத் துவைத்துக்கொண்டே. உண்டு. அணு பிசகாமல் அதே பொருள். 1901-இல் ஜோகிச்சி டாகமினே என்ற ஜப்பானியர் நியூயார்க்கிலிருந்து உலகத்துக்கு அறிவித்த சுத்தமான அட்ரினலினே கசாப்புக் கூடத்திலிருந்து வாங்கிய ஆடு மாடுகளின் சுரப்பியிலிருந்து பிரித்ததுதான். முதன்முதலில் சுத்தமாகப் பிரிக்கப்பட்ட ஹார்மோனும் அதுவே. இப்போது ஊசி மருந்தை ஆலையில் செய்கிறார்கள். "அப்ப மாட்டுக்கும் என்னைப் பாத்துக் கால் நடுங்கியிருக்குமா?" என்றான். நடுங்கியிருக்கும் என்றேன். வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டான்.